முத்திரைக்குக் கீழே ஒரு வசனம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்தேன். பல வருஷமாகவே தள்ளியும் போட்டேன். பேனாவை எடுப்பேன். இது இன்னொரு குடும்பத்தின் துக்கமாயிற்றே, அதை எடுத்து வெளியில் வைக்க நான் யார் என்று தோன்றும். மூடி வைத்துவிடுவேன். ஜெபத்தில் வைத்துப் பார்த்தும் மனதுக்குத் தெளிவு வரவில்லை.

போன மாதம் ஷீபா போன் செய்தாள். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கிற பெண்.

“அண்ணாச்சி, நம்ம மெயில் சர்வர நிறுத்திட்டு எல்லாத்தையும் வெளிக் கம்பெனிக்கு மாத்துதோம். பழைய செட்டிங்ஸ்ல ஓரிடத்துல ‘முத்திரைக்குப் பிறகு ஒரு எழுத்தும் சேர்க்காதே’ன்னு தமிழ்ல எழுதி வச்சிருக்கிய. எதுக்கு அப்படி? இங்கன யாருக்கும் தெரியல.”

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்தக் குடும்பத்தில் மூத்தவள் இருதயமேரியைத் தேடிப் பேசினேன். “எழுதுங்க ஸார். உள்ளத உள்ளபடி எழுதுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர், மாலை நேரத்தில் போன ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். நான் தொட்டேன். அதோடு அது என் தலையில் விழுந்தது. பில் போடுகிற மெஷின், நெட்வொர்க், பிறகு மெயில் சர்வர் என்று ஒவ்வொன்றாக வந்தது. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போனில் கேட்டு, எழுதி வைத்து, காலையில் சர்வர் அறைக் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்று, அப்படியே வருஷங்கள் ஓடின.

எங்களுக்கு நிர்வாகியாக இருந்தவர் ஞானமுத்து அய்யா. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. பிடிக்காத காரியம் நடந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். ஆஸ்பத்திரி பேரில் வெளியே போகிற முக்கியமான கடிதம் எதையும் அவர் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

“வாசி வே, காதுல விழட்டும். வெளிய போறது நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி. தலை சீவி, பொட்டலம் கட்டித்தான் அனுப்பணும்” என்பார்.

ஆஸ்பத்திரி சிற்றாலயத்தில் தினமும் காலை ஜெபம் உண்டு. டாக்டர், நர்ஸ், பெருக்குகிறவர் எல்லாரும் நிற்பார்கள். அன்றைய வசனம் வாசிக்கப்படும். அந்த வசனம் அன்று வெளியே போகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இருக்க வேண்டும் என்பது அய்யாவின் ஆசை. எங்களுக்கு மெயில் வடிகட்டும் பெட்டி ஒன்றை விற்ற கம்பெனியின் ஆள் வந்து அதற்கு வழி செய்து கொடுத்தார். ஜெபம் முடிந்ததும் அலுவலக டைப்பிஸ்ட் கிரேஸ் வந்து வசனத்தை அடித்து வைப்பாள். அதன் பிறகு எந்த மெயில் போனாலும் அடியில் அது தானாக ஒட்டிக்கொள்ளும்; நள்ளிரவில் தானாகவே அழிந்துவிடும். எனக்கும் அது பிடித்திருந்தது. லேப் ரிப்போர்ட் கேட்டவருக்கு ரிப்போர்ட்டோடு ஒரு ஆறுதலும் சேர்ந்து போனது. வளைகுடாவில் இருந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், “உங்க வசனத்த எங்க வாப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன்” என்று பதில் எழுதியிருந்தார். அய்யா அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு யாரோ எங்கள் ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு, வெளிநாட்டு நண்பர்களிடம் நன்கொடை கேட்டுக் கள்ள மெயில் அனுப்பியிருந்தார்கள். அதனால் காவலைக் கடுமையாக்கினோம். தொழிலில் இருப்பவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்பார்கள். மற்றவர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன். முதலாவது, ‘எங்கள் மெயில் இந்த இந்த மெஷினிலிருந்து மட்டும்தான் வரும்’ என்று உலகத்துக்கே தெரிய எழுதி வைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு மெயிலும் புறப்படும்போது அதன் வாசகத்தைக் கணக்குப் போட்டு ஒரு முத்திரை குத்துவது. பிறகு ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை ஒத்துவராது. மூன்றாவது, இந்த இரண்டில் ஒன்றாவது சரியாக இருந்தால் ஏற்றுக்கொள், இரண்டும் தவறினால் திருப்பி அனுப்பிவிடு என்று வாங்குகிறவர்களுக்கு நாமே சொல்லி வைப்பது. இதையெல்லாம் வைத்த பிறகு கள்ள மெயில் நின்றது. எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

அந்தக் காலத்தில்தான் தொம்மை வந்து சேர்ந்தார். கடற்கரை ஊர்க்காரர், வாழ்நாளெல்லாம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் மீன் பிடிக்கப் போனவர். ஈரல் கெட்டு வயிறு வீங்கி வந்தார். மகள் இருதயமேரி கூடவே இருந்து பார்த்தாள். ஒரே மகன் சேவியருக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. டாக்டர் இருதயமேரியை வெளியே அழைத்து, நாள் அதிகம் இல்லை, தம்பியை வரச் சொல்லு என்று சொல்லிவிட்டார்.

கப்பலில் இருப்பவன் நினைத்தபடி இறங்கி வர முடியாது. பொய்ச் சாக்குச் சொல்லி லீவு கேட்பவர்கள் அதிகம் என்பதால் அந்தக் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. ஆஸ்பத்திரியே தன் சொந்த மெயில் முகவரியிலிருந்து கம்பெனியின் ஏஜெண்டுக்கு எழுத வேண்டும். வீட்டுக்காரர்கள் அனுப்புகிற காகிதம் செல்லாது. சேவியர் கடலிலிருந்து சிக்னல் கிடைத்த நேரத்தில் அக்காவிடம் பேசினான்.

“கப்பல் சிங்கப்பூர்ல நிக்கும்க்கா. அதுக்குள்ள லெட்டர் வந்துட்டுன்னா அங்கனயே எறக்கி பிளைட் ஏத்தி விட்டிருவாங்க. விட்டா அடுத்த கரை பசிபிக்குக்கு அங்கிட்டு. ஒரு மாசம் ஆயிரும். எப்படியாவது அனுப்பச் சொல்லு.”

டாக்டர் கடிதம் எழுதினார். நான் அய்யா முன்னால் வாசித்தேன். “நல்லா இருக்கு. அனுப்பு” என்றார். டாக்டரின் ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து அன்றே போனது. இருதயமேரி அலுவலக ஜன்னலில் நின்று, போனதா என்று கேட்டுவிட்டுத்தான் வார்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்தாள். “ஸார், இன்னும் வரலைன்னு கப்பல்ல சொல்லுதாங்களாம்.”

சர்வர் பதிவைப் பார்த்தேன். ஏஜெண்டின் மெஷின் பெற்றுக்கொண்டதாக இருந்தது. “போயிட்டும்மா, அங்க வாங்கியிருக்காங்க” என்றேன். இருந்தாலும் மறுபடி அனுப்பினேன். மறுபடியும் பெற்றுக்கொண்டதாகவே காட்டியது. மும்பையில் இருந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு பெண் எடுத்து, அந்த முகவரிக்கு வருவதை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை, தானாகவே வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பிவிடப்படும், அங்கே வரவில்லை என்றால் வரவில்லைதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தொம்மையை அன்று வார்டில் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தார்.

“நீருதான் லெட்டர் அனுப்புத ஆளா?”

“ஆமா அய்யா.”

“எங்க காலத்துல வள்ளம் தூரப் போயிட்டுன்னா கரையில நின்னு துண்ட வீசுவோம். திரும்பிருவான். இப்பம் என்னமோ மும்பைக்குப் போயி, வெளிநாட்டுக்குப் போயி, அங்க இருந்து கப்பலுக்குப் போவணும்ங்காவ. ஒரு துண்ட எடுத்து வீசும்வே!” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. வார்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பார். யாரோ நர்ஸாக இருக்கும். மறுபடி என் பக்கம் திரும்புவார்.

மூன்றாவது நாள் டாக்டரின் அலுவலகத்துக்குப் போய், அவர் மெயில் பெட்டியையே திறந்து பார்த்தேன். எங்கோ வெளிநாட்டு மெஷினிலிருந்து வந்த திருப்பு அறிவிப்பு இரண்டு, ஒதுக்கி வைத்த குப்பையில் கிடந்தது. டாக்டருக்கு வரும் மெயிலைப் பிரித்துக் கொடுக்கிற கிளார்க்கை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாத இடத்திலிருந்து இங்கிலீஷில் மிரட்டுகிற மாதிரி வருவதைத் திறக்காதே என்று, கள்ள மெயில் விவகாரத்துக்குப் பிறகு நாங்களேதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவர் சொன்னபடி செய்திருக்கிறார்.

அந்த அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: அனுப்பியவரின் அடையாளம் உறுதிப்படவில்லை, அவர்கள் விருப்பப்படியே ஏற்க மறுக்கிறோம்.

எங்கள் விருப்பப்படியே. இரண்டும் தவறினால் திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லி வைத்தது நாங்கள்தானே.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் காவல் ஏன் தவறியது என்பது உடனே புரிந்தது. மெயில் மும்பை மெஷின் வழியாகத் திருப்பிவிடப்பட்டதால், கடைசியில் வாங்கியவர்களுக்கு அது எங்கள் மெஷினிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அது இயல்பு. அப்படிப்பட்ட நேரத்தில் காப்பாற்றத்தான் இரண்டாவது காவலான முத்திரை. திருப்பிவிட்டாலும் வாசகம் மாறவில்லை என்றால் முத்திரை ஒத்துவரும். இங்கே ஒத்துவரவில்லை. உள்ளே இருக்கும் வாசகம் முத்திரை குத்தியபோது இருந்த வாசகம் இல்லை என்று சொன்னது.

மும்பையில் யாராவது மாற்றினார்களா என்று சந்தேகப்பட்டேன். அலுவலகத்திலிருந்து என் சொந்த முகவரிக்கு நானே அவ்வப்போது அனுப்பியிருந்த மெயில்களை எடுத்து, வாங்கிய மெஷின் ஒவ்வொன்றின் தலையிலும் எழுதி வைத்திருக்கும் சோதனைக் குறிப்பை விரித்துப் பார்த்தேன். மொத்தத் தீர்ப்பு எல்லாவற்றிலும் சரி என்றுதான் இருந்தது. நேராக வந்ததால் முதல் காவல் கைகொடுத்திருக்கிறது. மொத்தத் தீர்ப்பைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் முத்திரை உடைந்திருந்தது. ஒரே ஒரு மெயிலில் மட்டும் முழுசாக இருந்தது. அந்தத் தேதியில் என்ன விசேஷம்? கிரேஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அன்னைக்கு நான் லீவுல்லா ஸார்? எங்க மதினிக்கு வளைகாப்பு. பாபநாசம் போயிருந்தோம்.”

“வசனம் யாரு அடிச்சா?”

“யாரும் அடிக்கல. வந்ததும் அய்யாட்ட திட்டு வாங்குனேன். திட்டுன்னா... கண்ணாடியக் கழத்துனாவ.”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சர்வர் முத்திரை குத்தி அனுப்புகிறது. மெயில் வாசலைத் தாண்டும்போது அந்த வடிகட்டும் பெட்டி அடியில் வசனத்தைச் சேர்க்கிறது. ஒட்டி மூடிய உறையைப் பிரித்து ஒரு வரி எழுதின மாதிரி. நாள் தவறாமல், ஒவ்வொரு மெயிலிலும்.

அய்யாவின் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“வசனத்த எடுத்தாத்தான் லெட்டர் போவும்ங்கியா?”

“வசனத்தால இல்ல அய்யா. முத்திரை குத்தின பெறகு சேக்கதால. முறைய மாத்தணும். அதுக்கு அந்தக் கம்பெனி ஆளு வரணும், ரெண்டு நாளு ஆவும். இப்பம் வசனத்த நிறுத்துனா இந்த நிமிஷமே போயிரும்.”

பதில் வரும்வரை முகத்தைப் பார்க்கிறவர் அன்று என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சோறு பிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, “அந்தப் பிள்ள ஜன்னல்ல நிக்காளா?” என்று கேட்டார்.

“நிக்கா அய்யா.”

“எடுத்திரு வே. ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு.”

எடுத்தேன். கடிதத்தை மறுபடி அனுப்பினேன். மேஜையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் வெளிநாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. வருந்துகிறோம், விடுப்புக்கு அனுமதி உண்டு என்று இருந்தது. அடுத்த வரியில், கப்பல் இன்று காலை சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டுவிட்டது, அடுத்த துறைமுகத்தில் இறக்கி விடுகிறோம் என்று இருந்தது.

இருதயமேரி ஜன்னலில் இருந்து என் முகத்தைப் பார்த்தாள். வாசித்துக் காட்டச் சொல்லவில்லை.

அவள் தகப்பனாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவளால் சொல்ல முடியவில்லை. லெட்டர் போய்ச் சேரத் தாமதம் ஆகிவிட்டது, மகன் இறங்குவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது, எங்கள் மெஷினில் கோளாறு என்று என்னால் முடிந்த மட்டும் விளக்கினேன். தொம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“வாரவனுக்கு லெட்டரு எதுக்குவே?” என்றார்.

“அய்யா, கம்பெனி விதி...”

“சரி, சரி. விடும். அவனுக்குக் கடல் பிடிச்சுப் போச்சு. எனக்கும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தது.”

அதன் பிறகு கதவு திறந்தால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் போனேன். மகன் பேச்சை நான் எடுத்தாலும் அவர் மழையைப் பற்றிக் கேட்பார், மீன் விலையைப் பற்றிக் கேட்பார். கப்பலோ நடுக்கடலில், பேச வழி இல்லை. ஒரு காலையில், ஜெப மணி அடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். மகனுக்காக உடலை வைத்திருக்க முடியாது என்று ஊரில் முடிவு செய்து மறுநாளே அடக்கம் செய்தார்கள். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை மருமகன் போட்டார்.

அத்தோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. சேவியர் கரை இறங்கியதும் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஆஸ்பத்திரியிலிருந்து எந்த லெட்டரும் வரவில்லை என்று சிங்கப்பூரில் கேப்டன் அவனிடம் சொல்லியிருக்கிறார். ‘நீ அனுப்பச் சொல்லவே இல்ல. அப்பாவ நீ ஒருத்தி பாத்தாப் போதும்னு நெனச்சிட்ட’ என்று பேசியிருந்தான். இருதயமேரி அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். அழவில்லை. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அய்யாவிடம் சொன்னேன். “முப்பதாம் நாள் பூசை எப்பம்னு கேளு. நாம போவோம்” என்றார்.

போனோம். புராட்டஸ்டண்ட் சபைக்காரரான அய்யா கத்தோலிக்கக் கோவிலுக்குள் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் எழுந்தபோது எழுந்து, மண்டியிட்டபோது தட்டுத்தடுமாறி மண்டியிட்டார். பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சேவியரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“தம்பி, உங்க அக்கா கடிதம் கேக்காம இருக்கல. தினமும் வந்து எங்க ஜன்னல்ல நின்னா. டாக்டர் எழுதுனாரு. இவரு அனுப்புனாரு. எங்க வாசல்ல நாங்க வச்ச ஏற்பாடே அதத் தடுத்துட்டு. மூணு நாளு எங்களுக்கே தெரியல. நீ கோவப்படணும்னா எங்கிட்டப் படு. அவகிட்டப் படாத.”

சேவியர் நல்ல உயரமான பையன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். 

“நான் துணியெல்லாம் பையில கட்டிட்டேன் அய்யா. வேலை நேரம் போக மத்த நேரமெல்லாம் கரைக்கு எறங்குத ஏணிப் பக்கமேதான் நின்னேன். கப்பல வெளிய எடுக்க துறைமுகத்து பைலட் ஏறி வந்தாரு. அப்பவும் நின்னேன். ஏணியத் தூக்குனப்பதான் கீழ எறங்கிப் போனேன்.”

பிறகு அக்காவைப் பார்த்து, “மன்னிச்சிருக்கா” என்றான்.

இருதயமேரி தம்பியின் தலையில் கை வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்லுதிய. எனக்குப் போதும். அப்பாட்ட யாரு சொல்லுவா?”

எந்தத் துக்க வீட்டிலும் ஒரு வசனம் சொல்லாமல் எழுந்திருக்காத அய்யா, அன்று ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்தார். திரும்பி வரும் வழியில் கார் சாத்தான்குளம் தாண்டியது. பிறகு, “முறைய மாத்தியாச்சா?” என்று மட்டும் கேட்டார். வசனத்தை முதலில் சேர்த்து, கடைசியில் முத்திரை குத்தும்படி மாற்றியாகிவிட்டது என்றேன். தலையாட்டினார். மறுநாளிலிருந்து வசனம் மறுபடி போனது. நான் அந்த ஒரு வரியை, பின்னால் வருபவர்களுக்காக, செட்டிங்ஸில் எழுதி வைத்தேன். ஷீபா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

அய்யா இப்போது இல்லை. கதை மட்டும் ஊரில் பல விதமாக நடமாடுகிறது. டீக்கடையில் ஒருவர், வேத வசனம் போட்டதால் மெயில் போகாத ஆஸ்பத்திரி என்று சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன். ஒரு ஜெபக் கூட்டத்தில், வசனத்தை எடுத்த அதே வாரம் ஒரு நோயாளி செத்தார், அது தண்டனை என்று சாட்சி சொன்னார்கள். எழுந்து மறுக்கத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடற்கரைப் பக்கமோ, கூப்பிட்டும் மகன் வரவில்லை என்றே இன்னும் சிலர் பேசுகிறார்களாம்.

அதனால் வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். வேடிக்கைக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், பக்திக்காக ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். கடிதம் எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. மகள் ஒரு நாளும் தவறாமல் வந்து நின்றாள். மகன் பையைக் கட்டி வைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கும்வரை காத்திருந்தான். தொம்மைக்கு மட்டும் இது தெரியாமல் போயிற்று. மற்ற எல்லாருக்கும் தெரியட்டும்.